எழுதத் தூண்டும் தடை எது, எழுத விடாத தடை எது?

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவர்கள். சிலர் கீழ்வகுப்புகளை மலையாள வழியில் படித்துவிட்டு, குடும்பம் வீடு மாறியதால் எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளையைக் கட்டுரை எழுதுவதற்கு ஒதுக்கியிருக்கிறேன். அங்கே நான் கண்ட ஒன்றைப் பற்றியே இந்தக் கேள்வி.

மழையைப் பற்றி விருப்பம்போல் எழுதுங்கள் என்று சொன்னால், எல்லாத் தாள்களும் ஏறக்குறைய ஒரே தாளாக வந்து சேர்கின்றன. வானம் இருண்டது, மேகம் திரண்டது, மயில் ஆடியது, உழவர் மகிழ்ந்தனர். எங்கள் பகுதி பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட கிழக்கு ஓரம். கேரளத்தின் பிற இடங்களைப்போல் இங்கே மழை கொட்டுவதில்லை. கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நிற்கும் பிள்ளைகள் எழுதும் மழையில் அந்தக் குடம் மட்டும் வருவதே இல்லை.

ஆகவே ஒரு நாள் ஒரு விதி வைத்தேன். 'ம' வரிசையில் எந்த எழுத்தும் வரக்கூடாது, 'ம்' உட்பட. மழை, மேகம், மின்னல், மரம், மண், மயில் எல்லாம் ஒரே வீச்சில் போய்விட்டன. அதோடு 'உம்' என்ற இடைச்சொல்லும் போயிற்று என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கூச்சலிட்டார்கள். அதையும் இதையும் என்று அடுக்க முடியாமல், ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி வாக்கியமாக நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு மாணவி எழுதியதை அப்படியே தருகிறேன்: "கூரைத் தகரத்தில் ஓயாத ஓசை. பாட்டி கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினாள். வாசலில் வைத்த குடத்தை நான் நேராக்கினேன்." அந்தக் குடம் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒரு தாளில் வந்தது.

ஆனால் அதே பாடவேளையில் சில பிள்ளைகள் வெற்றுத் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு மாணவன், வாய்விட்டுக் கதை சொல்லத் தொடங்கினால் வகுப்பையே நிறுத்திவைப்பவன். அவன் ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, விதி எதுவும் இல்லாதபோதும், பேனாவைத் திறக்கவில்லை. ஒரே தடை ஒருவரைத் திறந்துவிட்டு இன்னொருவரை அடைத்துவிடுவது ஏன்? முன்கூட்டியே அதை எப்படி அறிவது? "கஷ்டப்பட்டால்தான் கற்பனை வரும், விட்டுப் பிடியுங்கள்" என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். எனக்கு அதை அப்படியே ஏற்க மனம் வரவில்லை.

காளத்திக் கலம் எழுதியது:

டீச்சர், நான் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி என்ற துணி ஓவியம் வரைகிறவன். வீட்டில் தமிழ், பட்டறையில் தெலுங்கு. என் தொழிலைக் கொண்டு பதில் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் முறையில் அச்சுக்கட்டை கிடையாது. எல்லாக் கோடும் கையால் இழுப்பது. மூங்கில் குச்சியின் நுனியைக் கூராக்கி, சற்று மேலே துணியையோ கம்பளியையோ சுற்றி நூலால் கட்டிவிட்டால் அதுதான் எங்கள் எழுதுகோல், 'கலம்'. சுற்றிய இடத்தை விரலால் அழுத்த அழுத்த மை இறங்கும். அதற்கு முன் துணியைக் கடுக்காய் கரைத்த எருமைப்பாலில் ஊறவைத்து உலர்த்துகிறோம். பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைத் துணியோடு பிணைக்கிறது. இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் பல நாள் புளிக்கவைத்து இறுத்த நீர்தான் எங்கள் கறுப்பு. துணியிலுள்ள கடுக்காயோடு சேர்ந்த பிறகே அது கறுக்கும். கறுத்துவிட்ட கோட்டை அழிக்க வழியே இல்லை. சிவப்பு இன்னும் சோதிக்கும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவிவிட்டு, பிறகு துணி முழுவதையும் சாயம் கொதிக்கும் அண்டாவில் இடுகிறோம். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதாவது, சிவப்பைத் தீட்டும் நேரத்தில் தீட்டுகிறவரின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது.

எங்கள் படங்களின் அழகு என்று வெளியூரார் எதைச் சொல்கிறார்களோ அது பெரும்பாலும் இந்தத் தடைகளிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். அழிக்க முடியாததால் கோடு தயங்காமல் ஒரே இழுப்பில் விழ வேண்டும். ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைத்து நிழல் காட்டுவது கடினம் என்பதால், உணர்ச்சி முழுவதையும் கண்ணும் விரலும் இடுப்பின் வளைவும் சுமக்கின்றன. தவறி விழுந்த புள்ளி கொடியாகிறது, கொடி பூக்கிறது. வெற்றிடம் நிரம்புவது சில சமயம் அப்படித்தான். இதே உருவங்களைக் கடையில் வாங்கிய அக்ரிலிக் வண்ணத்தில், எல்லா நிறமும் கைக்கு எட்டும் வசதியோடு வரையும் இளைஞர்களின் வேலையையும் பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. ஆனாலும் படம் தளர்ந்துவிடுகிறது. எந்த இடத்திலும் அவர்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டிய கட்டாயம் வரவில்லை என்பது கோட்டிலேயே தெரிகிறது.

இப்போது உங்கள் மாணவனிடம் வருகிறேன். புதிதாகக் கற்க வருகிறவரிடம் நாங்கள் முதலில் அந்தக் கறுப்பைக் கொடுப்பதில்லை. புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால் வரையச் சொல்வோம். கரி தட்டினால் போய்விடும். கொடி, இலை, தாமரை, கை, முகம் என்று விரல் தானாக ஓடும் வரை கரிதான். அழிக்க முடியாத மை வரும்போது, கோடு எந்தப் பக்கம் போகும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே கொடுத்துவிட்டால் கை நடுங்கும். நடுங்குகிறவர் புதிதாக எதையும் முயல்வதில்லை. தனக்குத் தெரிந்த ஒரே கொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார், அல்லது கலத்தைத் தொடவே மாட்டார். அந்தப் பையனுக்குத் தமிழ் எழுத்து இன்னும் கரியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் உங்கள் விதி அவனுக்கு இரண்டாவது தடை. முதல் தடையையே அவன் இன்னும் தாண்டவில்லை.

செங்கோட்டை யாப்பு எழுதியது:

அம்மா, உங்கள் பயிற்சி நம் இலக்கியத்தில் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டி வடமொழியில் எழுதிய தசகுமார சரிதத்தில் ஏழாம் பகுதியைச் சொல்லும் மந்திரகுப்தனுக்குக் காதலி கடித்ததால் உதடு புண்பட்டிருக்கிறது. ஆகையால் ப, ம போன்ற இதழ் சேர்ந்து பிறக்கும் ஒலிகளை விலக்கியே கதை முழுவதையும் சொல்லி முடிக்கிறான். தமிழில் 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மேல் பாடிய நிரோட்டக யமக அந்தாதியில் இதழ் ஒட்டாமை, யமகம் (ஒரே எழுத்துத் தொடர் வேறு பொருளில் மடங்கி வருவது), அந்தாதி (ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாவது) ஆகிய மூன்று கட்டுகளும் ஒன்றாக இருக்கின்றன. கட்டுகள் இப்படிக் குவியும் இடத்தில் வியப்பு மிகுந்து கவிதை மெலிகிறது என்பது என் கருத்து. ஆகையால் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு விதி போதும்.

வெண்பாவைப் பாருங்கள். வெண்டளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணைவதற்கான வெண்பாவின் விதி, பிறழக்கூடாது, ஈற்றடி மூன்று சீரில் அடங்கி, நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். எழுத உட்கார்ந்தவருக்கு முதலில் தோன்றும் சொல் பெரும்பாலும் தளைக்கு ஒத்துவராது. முதலில் தோன்றும் சொல் எல்லாருக்கும் தோன்றும் சொல்தான். தளை அதைத் தள்ளிவிடுகிறது. அடுத்தும் அதற்கடுத்தும் தேடுகிறபோது, தனக்கு மட்டுமே உரிய சொல்லின் பக்கம் போகிறார். உங்கள் வகுப்பில் 'மயில்' தள்ளப்பட்டுக் 'குடம்' வந்தது இப்படித்தான். ஆனால் 'குடம்' என்பதிலும் 'ம்' இருக்கிறதே என்று தயங்கி நிற்காமல் 'குடத்தை' என்று வேற்றுமை ஏற்றி அந்த மாணவி வழி கண்டிருக்கிறாள் பாருங்கள், அதற்கு அவளிடம் தமிழ் தாராளமாக இருந்திருக்க வேண்டும். தேடுவதற்கு இரண்டாவது சொல்லும் மூன்றாவது சொல்லும் கையிருப்பில் இல்லாதவரிடம் முதல் சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் மிஞ்சுவது வெற்றுத் தாள்.

மூணாறு லயத்து மகள் எழுதியது:

டீச்சர், உங்கள் சக ஆசிரியர் சொன்ன வாக்கியத்தை மறுக்கவே எழுதுகிறேன். அந்த வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். விடியும் முன் எழுந்து தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, பனியிலும் மழையிலும் மலை ஏறி, மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குத் திரும்பினால் அடுப்பும் நாங்களும் காத்திருப்போம். கல்யாணத்துக்கு முன் அவர் தாமாகவே பாட்டுக் கட்டிப் பாடுவார், நாற்று நடுகிறவர்கள் எல்லாம் பின்னால் வாங்கிப் பாடுவார்கள் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். நான் அம்மா புதிதாகக் கட்டிய ஒரு பாட்டையும் கேட்டதில்லை. கஷ்டம் கற்பனையைத் தரும் என்றால், அவரிடம் பாட்டு நிரம்பி வழிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு, அதுவும் தமிழ்நாட்டிலிருந்தே. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 464 கரும்பு விவசாயிகளுக்கு ஒரே வகையான அறிவுத்திறன் சோதனைகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் வைத்தார்கள். அறுவடைக்கு முன், கையில் காசு வற்றி அடகும் கடனுமாக இருக்கும் காலத்தில், அதே மனிதர்கள் குறைவாகச் செய்தார்கள். கரும்புப் பணம் வந்த பிறகு மேம்பட்டார்கள். ஆள் மாறவில்லை, அறிவு மாறவில்லை. அடுத்த வாரத்துக்கு அரிசி எங்கே என்ற கணக்கு மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கட்டுரை விதி பாடவேளை முடிந்ததும் போய்விடும். அந்தக் கணக்கு இரவிலும் போகாது. இரண்டையும் "தடை" என்ற ஒரே பெயரில் அழைப்பதால்தான், பட்டினியைக்கூடப் பயிற்சி என்று பேசத் துணிகிறார்கள்.

வ.உ.சிதம்பரனார் கண்ணூர்ச் சிறையில் மெய்யறம் என்ற அறநூலை எழுதினாரே என்று கேட்பார்கள். எழுதினார், உண்மை. திருக்குறளில் தோய்ந்தவராக, சட்டம் படித்தவராக, தமிழ் நூல்களோடு வாழ்ந்தவராகச் சிறைக்குள் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்ச் சிறையில் அவரை இழுக்கவைத்த செக்குக்கு அந்த நூலில் பங்கு கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் எங்கள் ஊரில் ஒரு தடை, புதிய ஒன்றை உண்டாக்கியதை நான் நேரில் பார்த்தேன். 2015 செப்டம்பரில், 20 சதவீத போனசைப் பாதியாகக் குறைத்தபோது, தோட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாறு நகரத்துச் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். இருந்த தொழிற்சங்கங்களின் தலைவர்கள் தங்களுக்காகப் பேசுவார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டிருந்ததால், அவர்களைப் பக்கத்திலேயே விடவில்லை. முழக்கங்களைத் தாங்களே தமிழில் கட்டினார்கள். பேச்சுவார்த்தைக்கும் தாங்களே போனார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அமைப்பு அங்கே பிறந்தது. பல தலைமுறைகளாக லயத்தில் இருந்த கஷ்டம் செய்யாததை அந்தச் சில நாள்கள் செய்தன என்றால், காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பழக்கப்பட்ட வழி ஒன்று அடைபட்டது. அதே நேரத்தில் அவர்கள் ஒன்றாக இருந்தார்கள், வேலை நின்றிருந்ததால் யோசிக்கவும் பேசவும் பகல் முழுவதும் இருந்தது. அந்த மாணவன் எழுதாததற்கு விதியை மட்டும் பார்க்காதீர்கள். காலையில் அவன் என்ன சாப்பிட்டான், பள்ளி விட்டதும் எங்கே போகிறான் என்பதையும் கேளுங்கள்.

வாளையாறு பயணி எழுதியது:

மேலே சொன்ன "பழக்கப்பட்ட வழி அடைபட்டது" என்பதற்கு ஒரு சிறிய சான்று. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது பல நிலையங்கள் மூடப்பட்டன. பயணிகள் வேறு பாதை தேடினார்கள். பயணச்சீட்டு அட்டைகளின் பதிவுகளை வைத்துப் பொருளியல் ஆய்வாளர்கள் பார்த்ததில், ஏறக்குறைய 20 பேரில் ஒருவர், ரயில் மீண்டும் ஓடிய பிறகும் பழைய பாதைக்குத் திரும்பவில்லை. நாள்தோறும் போய்வந்தவர்கள், அதைவிட நல்ல வழி இருப்பதை மூடிய கதவு வந்த பிறகே கண்டார்கள். மற்ற 19 பேர் பழைய வழிக்கே போனார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தடை வந்தால் எல்லாரும் புதுமை செய்வார்கள் என்று எதிர்பார்ப்பதே அதிகம். உங்கள் வகுப்பில் சிலர் மட்டும் எழுந்தது குறையாகாது.

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூணாற்றுச் சகோதரி கேட்டபடி விசாரித்தேன். சாப்பாட்டுக்குக் குறை இல்லை. அப்பாவுக்கு எல்லைக்கு அப்பால் தென்னந்தோப்பில் வேலை, மாலையில் மாடு பிடித்துக் கட்டுவது இவன் பொறுப்பு. காளத்தி ஐயா சொன்னதுதான் பொருந்துகிறது. நான்காம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்தவன். தமிழ் எழுத்தில் ண, ன, ந மூன்றுக்கும் இன்னும் நின்று யோசிக்கிறான். எழுதுவது அவனுக்கு ஏற்கெனவே மலையேற்றம். ஆனால் பேச்சில் அவனை மிஞ்ச வகுப்பில் ஆள் இல்லை, மாடு கத்துவதிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லாக் குரலும் வரும். எழுத்து தேறும் வரை அவனை விதிகளிலிருந்து விலக்கிவைப்பதா, அல்லது வேறு வழி உண்டா?

ஒற்றப்பாலம் விளக்குமாடம் எழுதியது:

விலக்கிவைக்க வேண்டாம் டீச்சர். தடையை அவன் பணக்காரனாக இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்.

எங்கள் பகுதியில் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் நடக்கும் தோல்பாவைக்கூத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 42 அடி நீள மேடை, வெள்ளைத் திரை, பின்னால் தேங்காய் மூடிகளில் எரியும் 21 விளக்குகள், கம்பராமாயணப் பாட்டு. பாவை ஒற்றைத் தோலில் வெட்டிய தட்டையான உருவம். முகம் திரும்பாது, உதடு அசையாது, பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டுமே அசையும். பாட்டையும் மாற்ற முடியாது, கம்பன் சொன்னது சொன்னதுதான். கண்ணுக்குக் காட்டக்கூடியது இவ்வளவு குறுகிவிட்டதால், புலவர்கள் என்று அழைக்கப்படும் கூத்துக் கலைஞர்கள் எல்லாச் செல்வத்தையும் குரலிலும் விளக்கத்திலும் கொட்டியிருக்கிறார்கள். ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லத் தொடங்கி, புராணம், இலக்கணம், வைத்தியம் என்று கிளைத்து, இரு பாவைகளுக்கிடையே வாதம் எழுப்பி, விடியும் வரை கொண்டுபோவார்கள். திரைக்கு முன்னால் ஒரு மனிதர்கூட இல்லாத இரவுகளிலும் கூத்து நடக்கும், ஏனென்றால் அது பகவதி பார்ப்பதற்காக நடப்பது. மான் தோல் கிடைக்காத காலம் வந்ததும் ஆட்டுத் தோலுக்கு மாறினார்கள். இரவு முழுவதும் உட்கார ஆளில்லாத காலம் வந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கூத்தை அமைத்தார்கள். பாட்டு நெஞ்சில் மனப்பாடமாக இருந்ததால் அவர்களால் சுருக்கவும் முடிந்தது, விரிக்கவும் முடிந்தது.

உங்கள் மாணவனுக்கு இதையே செய்துபாருங்கள். அட்டையில் இரண்டு உருவம் வெட்டச் சொல்லுங்கள், ஒரு கை மட்டும் அசைய வேண்டும் என்பது விதி. ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் ஒரு விளக்கை வைத்து, மழை வரும் கதையை அவன் குரலால் சொல்லட்டும். 'ம' கூடாது என்ற விதியைப் பேச்சில் வைக்காதீர்கள்; அது பேச்சைத் திக்கவைக்கும். அதற்குப் பதிலாக, மழை என்று சொல்லாமல் மழை வந்தது பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள். மாடு, கண்டக்டர், தகரக் கூரை எல்லாம் அவன் குரலிலேயே இருக்கின்றன. அந்தக் குடத்தை எழுதிய மாணவி பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொல்வதை எழுதட்டும். பிறகு அந்தத் தாளை அவன் கையில் கொடுத்து, தன் சொற்களைத் தானே படிக்கச் சொல்லுங்கள். ண, ன, ந மூன்றையும் பிறர் கட்டுரையில் கற்பதைவிடத் தன் கதையில் அவன் சீக்கிரம் பிடித்துக்கொள்வான். கை இணைப்புக்கு ஆணி வேண்டாம், அட்டை கிழிந்துவிடும். இரு பக்கமும் முடிச்சுப் போட்ட நூலே போதும்.